திரையில் இருந்த காசு: மவுண்ட் கொக்ஸின் கதை

“பிட்கொயினை ஆராலும் ஹக் பண்ண ஏலாது” என்று சொல்லுகிற ஒருவரையாவது நீங்கள் சந்தித்திருப்பீர்கள். பெரும்பாலும் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, ஏறி இறங்குகிற பச்சை, சிவப்புக் கோடுகளைக் காட்டிக்கொண்டுதான் சொல்லுவார். அவர் சொல்வது பொய்யில்லை. பிட்கொயினின் பொதுப் பதிவேட்டை, அதாவது புளொக்செயினை, உடைத்து உள்ளே போய் ஒருவருடைய காசை இன்னொருவரின் பெயருக்கு மாற்றி எழுதிய ஆள் இதுவரை இல்லை.

ஆனால் 2014 பெப்ரவரி 28ஆம் திகதி டோக்கியோவில் ஒரு கம்பனி நீதிமன்றத்துக்குப் போய், 850,000 பிட்கொயின்களைக் காணவில்லை என்று சொன்னது. அன்றைக்கு உலகத்தில் இருந்த மொத்தப் பிட்கொயினில் ஏறத்தாழ 7 வீதம் அது. உடைக்கவே முடியாத பதிவேட்டில் இருந்த காசு எப்படிக் காணாமல் போகும்? மவுண்ட் கொக்ஸ் என்ற அந்தக் கம்பனியின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், ஃபோன் திரையில் தெரிகிற அந்த எண் உண்மையில் என்ன என்பதும் விளங்கும்.

தொடக்கத்தில் இருந்து வருவம். சட்டோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதிய ஆள் (அல்லது ஆட்கள்) 2008 ஒக்டோபர் 31ஆம் திகதி ஒன்பது பக்கத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. அவருடைய முறைப்பாடு முதல் பக்கத்திலேயே இருந்தது: இணையத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் காசு அனுப்புவதென்றால், நடுவில் ஒரு நிறுவனத்தை நம்பியே ஆகவேண்டியிருக்கிறது. அந்த நடு ஆளை எடுத்துவிடலாம் என்பதுதான் அவருடைய யோசனை. 2009 ஜனவரி 3ஆம் திகதி உருவாக்கிய முதல் புளொக்குக்குள், பிரித்தானிய அரசு வங்கிகளுக்கு இரண்டாம் தடவை கைகொடுக்கப்போவது பற்றிய அன்றைய பத்திரிகைத் தலைப்பைப் பொதித்து வைத்தார். வழமையான காசின் அடிப்படைப் பிரச்சினையே அது ஓடுவதற்குத் தேவைப்படுகிற நம்பிக்கைதான் என்று அடுத்த மாதமே எழுதினார்.

பிட்கொயினில் உங்களுடைய உரிமை என்பது ஒரு நீண்ட இரகசிய எண். வீட்டுத் திறப்பு மாதிரி. அந்தத் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் கையொப்பமிட்டால் காசு நகரும். அடையாள அட்டை தேவையில்லை, மனேஜர் தேவையில்லை. திறப்புத் தொலைந்தால் காசும் தொலைந்தது. களவு போனால் முறையிட ஒரு கவுண்டரும் இல்லை.

எல்லாம் சரி. ஆனால் கையில் டொலர் வைத்திருக்கிறவர் பிட்கொயின் வாங்குவதெப்படி? டொலர் வங்கியில் இருக்கிறது. பிட்கொயின் வங்கிக்கு வெளியே இருக்கிறது. இரண்டு பக்கமும் கைவைக்கக்கூடிய ஒருவர் வேண்டும். சட்டோஷி முன்வாசலால் அனுப்பிய நடு ஆள், பின்வாசலால் திரும்பி வந்தது இப்படித்தான்.

வந்தவர் கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்றும் சொல்ல முடியாது. ஜெட் மெக்கேலப் என்ற அமெரிக்க நிரலாளர் 2007இல் ஒரு இணையத்தள முகவரியை வாங்கி வைத்திருந்தார். மெஜிக் த கதரிங் என்ற அட்டை விளையாட்டின் அட்டைகளை வாங்கி விற்பதற்கான தளத்துக்காக. ‘மெஜிக் த கதரிங் ஒன்லைன் எக்ஸ்சேஞ்ச்’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் மவுண்ட் கொக்ஸ். மலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டை வியாபாரம் பெரிதாக ஓடவில்லை. 2010 ஜூலையில் பிட்கொயினைப் பற்றி ஒரு செய்தி வாசித்தார். சில நாட்களிலேயே சும்மா கிடந்த அந்த முகவரியில் ஒரு பிட்கொயின் சந்தையைத் திறந்தார். ஒரு பிட்கொயின் பத்துச் சதம்கூடப் போகாத காலம். அதற்கு இரண்டு மாதம் முதல்தான் ஒருவர் 10,000 பிட்கொயின் கொடுத்து இரண்டு பிட்சா வாங்கியிருந்தார். அந்த விலைக்கு எவ்வளவு பாதுகாப்புத் தேவையோ அவ்வளவு பாதுகாப்புத்தான் தளத்திலும் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்கவேணும். ஒரு எக்ஸ்சேஞ்சில் பிட்கொயினை வைப்பிலிடும்போது என்ன நடக்கிறது? உங்கள் திறப்பால் கையொப்பமிட்டு, அந்தக் கம்பனியின் திறப்புக்குள் காசை அனுப்புகிறீர்கள். அந்த நொடியோடு, புளொக்செயினைப் பொறுத்தவரை அது கம்பனியின் காசு. பதிலுக்குக் கம்பனி தன் சொந்தக் கணனியில் ஒரு அட்டவணையில் ‘இவருக்கு இத்தனை’ என்று எழுதிக்கொள்கிறது. பிறகு நீங்கள் விற்றதும், இன்னொருவர் வாங்கியதும், ஒரு நாளைக்கு நூறு தரம் கைமாறியதும் எல்லாம் அந்த அட்டவணையில்தான். புளொக்செயினுக்கு அதொன்றும் தெரியாது. திரையில் நீங்கள் பார்க்கிற எண், கம்பனி உங்களுக்குத் தரவேண்டிய கடனின் அளவு. அந்தக் கடனைத் திருப்பித் தர அவர்களிடம் காசு இருக்கிறதா என்பது, நீங்கள் ‘மீளப்பெறு’ பொத்தானை அழுத்துகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

இதுவும் நம்மூர்ச் சீட்டு மாதிரித்தானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் வீடு எங்கே என்று தெரியும். ஆர் கட்டினது, ஆர் எடுத்தது எல்லாம் அவவின் கொப்பியில் இருக்கும். சந்தேகம் வந்தால் படலையில் போய் நிற்கலாம். மவுண்ட் கொக்ஸின் கொப்பியைத் திறந்து பார்க்கிற உரிமை அதில் காசு போட்ட ஒருவருக்கும் இருக்கவில்லை. ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்று சொல்லுகிற சட்டமும் அப்போது எந்த நாட்டிலும் இருக்கவில்லை.

2011இன் தொடக்கத்தில் மெக்கேலப் தளத்தை விற்றார். வாங்கியவர் மார்க் கார்ப்பெலெஸ்; டோக்கியோவில் குடியேறியிருந்த, இருபதுகளின் நடுவில் நின்ற பிரெஞ்சுக்காரர். தன் பூனையின் பெயரையே தன் கம்பனிக்கும் வைத்திருந்தார். மெக்கேலப் 12 வீதத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். கைமாறுகிற அந்த நேரத்திலேயே, மார்ச் 1ஆம் திகதி, யாரோ ஒருவர் மவுண்ட் கொக்ஸின் வொலட் கோப்பைப் பிரதியெடுத்து ஏறத்தாழ 80,000 பிட்கொயினை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய விலைக்கு அது ஒரு லட்சம் டொலர்கூட இல்லை. விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்படவில்லை.

என்னைக் கேட்டால், மவுண்ட் கொக்ஸ் விழுந்தது 2014இல் இல்லை, இந்த மார்ச்சில்தான். காசு போனதால் மட்டும் சொல்லவில்லை. கொப்பியில் ஒரு எண், பெட்டியில் வேறு எண் என்று தெரிந்துகொண்டே கடையைத் திறந்து வைத்தார்கள். பிறகு உழைத்து நிரப்பலாம் என்று நினைத்திருக்கலாம். உழைக்கிற கடைதானே. ஆனால் கடன் டொலரில் இல்லை, பிட்கொயினில் இருந்தது. விலை ஏற ஏற, நிரப்பவேண்டிய குழியும் ஏறிக்கொண்டே போனது.

அதே ஆண்டு ஜூன் 19ஆம் திகதி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு களவு நடந்தது. தளத்தின் கணக்குகளைப் பரிசோதிக்க அனுமதி பெற்றிருந்த ஒரு கணக்காய்வாளரின் கணக்கு திருடர் கைக்குப் போனது. அதற்குள் புகுந்து பெருந்தொகை பிட்கொயினை விற்பனைக்குப் போட்டார்கள். 17 டொலர் அளவில் இருந்த விலை சில நிமிடங்களில் ஒரு சதத்துக்கு விழுந்தது. 60,000 வரையான பயனர்களின் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல்லின் மறைகுறி எல்லாம் இணையத்தில் வெளியாகின. எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தவர்களின் மற்றக் கணக்குகளும் அதோடு ஆபத்துக்குள்ளாகின. (இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் இப்பவும் அப்படித்தான் என்று கேட்கமாட்டேன்.) தளம் சில நாள் மூடப்பட்டது, அன்றைய கொடுக்கல் வாங்கல்கள் அழிக்கப்பட்டன.

பிறகு கார்ப்பெலெஸ் ஒரு வேலை செய்தார். தன்னிடம் காசு இருக்கிறது என்று காட்ட, எல்லோரும் பார்க்கக்கூடிய புளொக்செயினில், ஒரே தடவையில் 424,242 பிட்கொயினை ஒரு முகவரியில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினார். சனம் ஆறுதல் அடைந்தது. இவ்வளவு காசு இருக்கிற ஆள் எங்கே ஓடப்போகிறார்! ஆனால் அவர் காட்டியது கையில் இருந்ததை. கொடுக்கவேண்டியது எவ்வளவு என்பதைக் காட்டவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. கலியாண வீட்டில் நகை போட்டுக் காட்டுகிற மாதிரித்தான் இதுவும். அடகுக்கடை ரசீதை ஆரும் காட்டுவதில்லை.

கொஞ்சக் காலத்தில், 2011 செப்டெம்பரில், மறுபடி திறப்புகள் களவு போயின. இந்தத் தடவை திருடர் அவசரப்படவில்லை. எக்ஸ்சேஞ்ச்கள் காசை இரண்டாகப் பிரித்து வைப்பது வழமை: நாளாந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு இணையத்தோடு இணைந்த ‘சூடான’ வொலட், மிச்சம் இணையத்தோடு தொடர்பில்லாத ‘குளிர்’ வொலட்டில். கடை லாச்சியும் இரும்புப் பெட்டியும் போல. மவுண்ட் கொக்ஸில் லாச்சியின் திறப்புத் திருடரிடம் இருந்தது. அவர் எடுக்க எடுக்க, கடைக்காரர் பெட்டியில் இருந்து எடுத்து லாச்சியை நிரப்பிக்கொண்டே இருந்தார். திருடர் எடுத்த சில தொகைகளின் மிச்சம் திரும்பி வந்தபோது, தளத்தின் மென்பொருள் அதை வாடிக்கையாளர் போட்ட வைப்பு என்று நினைத்துச் சிலரின் கணக்கில் சேர்த்தும் விட்டது. 2013 நடுப்பகுதிக்குள் பெரும்பாலான காசு போய்விட்டது. ஒருவருக்கும் தெரியாது. அதே 2013இல் உலகத்தில் நடந்த பிட்கொயின் வியாபாரத்தில் 70 வீதம் வரை மவுண்ட் கொக்ஸ் ஊடாகத்தான் நடந்தது.

இரண்டு வருடமாக எப்படித் தெரியாமல் இருந்தது? உள்ளே வேலை செய்தவர்கள் பிறகு பத்திரிகைகளுக்குச் சொன்னதில் இருந்து கொஞ்சம் விளங்குகிறது. மென்பொருளில் ஆர் எப்போது என்ன மாற்றினார் என்று பதிவு வைக்கிற சாதாரண ஏற்பாடுகூட நீண்ட காலம் அங்கே இருக்கவில்லை. எந்த மாற்றத்துக்கும் கார்ப்பெலெஸின் அனுமதி வேண்டும். வொலட் திறப்புகளும் அவர் கையில். அவரோ ஷிபுயாவில் இருந்த அலுவலகக் கட்டடத்தில் ஒரு ‘பிட்கொயின் கஃபே’ திறக்கிற திட்டத்தில் மூழ்கியிருந்தார்.

வெளியே தெரிந்த அறிகுறி ஒன்று இருந்தது. சனம் அதைத் தலைகீழாக வாசித்தது. 2013 மே மாதம் அமெரிக்க அதிகாரிகள், பதிவுசெய்யாமல் காசு பரிமாற்றம் செய்ததாகச் சொல்லி, மவுண்ட் கொக்ஸின் அமெரிக்கக் கணக்குகளில் இருந்த பல மில்லியன் டொலரைப் பறிமுதல் செய்தார்கள். ஜூனில் டொலர் மீளப்பெறுவது நிறுத்தப்பட்டது. பிறகு திறந்ததாகச் சொன்னாலும் கிழமைக்கணக்காக, மாதக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். டொலரை எடுக்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? அந்த டொலரால் அங்கேயே பிட்கொயின் வாங்கி, அதை வெளியே எடுத்தார்கள். அதனால் மவுண்ட் கொக்ஸில் பிட்கொயின் விலை மற்ற இடங்களைவிடக் கூடிக்கொண்டு போனது. “இங்கே விலை நல்லாப் போகுது” என்று புதியவர்கள் சந்தோசப்பட்டார்கள். உண்மையில் அந்த வித்தியாசம், மவுண்ட் கொக்ஸின் ஒரு டொலர் வெளியில் இருக்கிற ஒரு டொலருக்குச் சமமில்லை என்று சந்தை போட்ட கழிவு.

2014 பெப்ரவரி 7ஆம் திகதி பிட்கொயின் மீளப்பெறுவதும் நிறுத்தப்பட்டது. இப்போது கதை மறுபக்கம் திரும்பியது. வெளியே 500 டொலருக்கு மேல் விற்ற பிட்கொயின், மவுண்ட் கொக்ஸுக்குள் இரண்டு கிழமையில் 150 டொலருக்கும் கீழே போனது. ஒரே காசு, ஒரே நாள், இரண்டு விலை. கம்பனி சொன்ன காரணம், பிட்கொயின் நெறிமுறையில் இருந்த ஒரு குறை: பரிமாற்றம் உறுதியாவதற்கு முன் அதன் அடையாள எண்ணை இன்னொருவர் மாற்றிவிடலாம், எண்ணை மட்டும் பார்க்கிற எக்ஸ்சேஞ்ச், காசு போய்ச் சேரவில்லை என்று நினைத்துத் திரும்பவும் அனுப்பும். குறை உண்மையானது, பழையது, பலருக்குத் தெரிந்தது. ஆனால் சூரிச்சில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, மீளப்பெறுதல் நிறுத்தப்படும் வரை அந்த வழியால் போயிருக்கக்கூடியது அதிகபட்சம் 386 பிட்கொயின் என்று வந்தது. எண்ணூற்றைம்பதாயிரம் எங்கே, முந்நூற்று எண்பத்தாறு எங்கே!

லண்டனில் இருந்து ஒரு வாடிக்கையாளர் விமானம் ஏறி வந்து, எங்கள் காசு எங்கே என்று எழுதிய அட்டையோடு டோக்கியோ அலுவலக வாசலில் பனிக்குள் நின்றார். அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. பெப்ரவரி 24ஆம் திகதி வியாபாரம் நின்று, தளமே வெறும் வெள்ளைப் பக்கமானது. நான்கு நாளில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பம். கமராக்களின் முன் கார்ப்பெலெஸ் ஜப்பானிய முறைப்படி குனிந்து மன்னிப்புக் கேட்டார். காணாமல் போனதில் 750,000 வாடிக்கையாளர்களுடையது, 100,000 கம்பனியுடையது. வங்கிக் கணக்குகளிலும் 2.8 பில்லியன் யென் குறைந்தது. கடன் கொடுக்கவேண்டியவர்கள் 127,000 பேர்.

மூன்று கிழமையில் ஒரு அறிவிப்பு வந்தது: பழைய வொலட் ஒன்றில் 200,000 பிட்கொயின் ‘கண்டெடுக்கப்பட்டது’. பழைய சேட்டுப் பொக்கற்றில் நூறு ரூபாய் கண்டெடுக்கிற மாதிரி! சிரிப்பு வந்தாலும் யோசித்துப் பாருங்கள்: 100 மில்லியன் டொலருக்கு மேல் பெறுமதியான காசு தன்னிடம் இருப்பதே தெரியாத ஒரு கம்பனியிடம் உலகம் தன் காசைக் கொடுத்து வைத்திருந்தது. அந்த 200,000தான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது.

மிச்ச 650,000 எங்கே போனது என்று தேடியது முதலில் பொலிஸ் இல்லை. கிம் நில்சன் என்ற, டோக்கியோவில் வசித்த சுவீடன் மென்பொருளாளர். அவரும் காசு இழந்தவர். வெளியே கசிந்த தரவுகளைப் பொதுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, நண்பர்களோடு சேர்ந்து, ஓய்வு நேரத்தில் வருடக்கணக்காகத் தடம் பிடித்தார். பிட்கொயினில் களவெடுத்தவர் முகத்தை மறைக்கலாம், காசு போன பாதையை மறைப்பது கஷ்டம். அந்தப் பாதையின் பெரும்பகுதி பிரிசி–இ என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்குப் போய் முடிந்தது. அதை நடத்தியதாகச் சொல்லப்பட்ட ரஷ்யரான அலெக்ஸாண்டர் வின்னிக் 2017 ஜூலையில் கிரேக்கத்தில் விடுமுறையில் இருந்தபோது கைதானார். 2024இல் அமெரிக்காவில் காசு வெளுக்கும் சதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 பெப்ரவரியில் கைதிகள் பரிமாற்றத்தில் ரஷ்யாவுக்குத் திரும்பிப் போனார். களவை நேரடியாகச் செய்ததாக வேறு இரண்டு ரஷ்யர்கள் மீது அமெரிக்கா 2023இல் குற்றப்பத்திரத்தை வெளியிட்டது. ஏறத்தாழ 647,000 பிட்கொயின் என்கிறது அது. நில்சனின் கணக்கும் அதற்குக் கிட்டத்தான்.

கார்ப்பெலெஸ் 2015 ஓகஸ்டில் கைதானார். 2019 மார்ச் 15ஆம் திகதி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், வாடிக்கையாளர் காசைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டில் இருந்து அவரை விடுவித்தது. ஆனால் மின்பதிவுகளைத் திரித்த குற்றம் உறுதியானது. 33.5 மில்லியன் டொலர் இருப்பதாகக் கணக்கில் எழுதியிருந்தார். எந்தக் காசும் உள்ளே வந்திருக்கவில்லை. இரண்டரை வருடச் சிறை, நான்கு வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவரைத் திருடர் என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. எனக்கு இதுதான் கூடப் பயமாக இருக்கிறது. ஒரு பெரிய வில்லன் இருந்திருந்தால், நல்ல ஆளாகப் பார்த்துக் காசைக் கொடுத்தால் போதும் என்று நிம்மதியாக இருக்கலாம். இங்கே இருந்தது, தன்னால் முடியாத வேலையை ஒருவருக்கும் சொல்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு மனுசன்.

வங்குரோத்து வழக்கு இதைவிட விசித்திரம். ஜப்பானியச் சட்டப்படி எல்லாருடைய கோரிக்கையும் 2014இன் விலையில் யென்னாக மாற்றப்பட்டது: ஒரு பிட்கொயினுக்கு 50,058 யென், ஏறத்தாழ 480 டொலர். இடையில் பிட்கொயின் விலை ஏறியது. கண்டெடுத்த அந்த 200,000இன் பெறுமதி, 2017 முடிவில் எல்லாருடைய கோரிக்கையையும் சேர்த்தாலும் பல மடங்கு தாண்டியது. எல்லாருக்கும் 480 டொலர்ப்படி கொடுத்துவிட்டால் மிச்சம் ஆருக்கு? சட்டப்படி பங்குதாரருக்கு. 88 வீதப் பங்கு கார்ப்பெலெஸின் கம்பனியிடம். அதாவது காசைத் தொலைத்த கம்பனியின் முதலாளி அதே வங்குரோத்தால் உலகப் பணக்காரர் ஆகக்கூடிய நிலை. தனக்கு அந்தக் காசு வேண்டாம் என்று அவரே சொல்லவேண்டி வந்தது. வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூனில் வழக்கு வங்குரோத்தில் இருந்து சிவில் மறுசீரமைப்புக்கு மாற்றப்பட்டது. காசுக்குப் பதிலாகப் பிட்கொயினாகவே பெறலாம் என்றானது.

பெறத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம். இடையில் பொறுக்க முடியாமல் தங்கள் உரிமையைக் குறைந்த விலைக்கு முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றவர்கள் உண்டு. காத்திருந்தவர்களுக்குப் போட்ட பிட்கொயினில் ஒரு சிறுபகுதிதான் திரும்பியது. ஆனால் 2014இல் 500 டொலரான பிட்கொயின் அப்போது 60,000 டொலரை அண்டி நின்றது. தொலைத்ததால் பணக்காரர் ஆனோம் என்று சிலர் பகிடியாகச் சொன்னார்கள். கையில் இருந்திருந்தால் 2015இலேயே விற்றிருப்போம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதற்குப் பிறகாவது உலகம் திருந்தியதா? கனடாவில் குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் 2018 டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் இறந்தபோது, குளிர் வொலட்டின் திறப்புகள் அவரோடு போய்விட்டன என்றார்கள். 76,000 பேரின் காசு. 2020இல் ஒன்ராறியோ பங்குச்சந்தை ஆணையம் விசாரித்து முடித்தபோது, வொலட்டுகளில் முதலே காசு இருக்கவில்லை. போலிக் கணக்குகளில் இல்லாத காசை எழுதி, அதைக்கொண்டு வாடிக்கையாளர்களோடு அவரே வியாபாரம் செய்திருந்தார் என்று தெரிந்தது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் விழுந்தபோது குழி 8 பில்லியன் டொலர். வாடிக்கையாளர் வைப்பை நிறுவனரின் இன்னொரு கம்பனி எடுத்துப் பாவித்திருந்தது. எல்லா இடத்திலும் கொப்பி ஒன்று, பெட்டி ஒன்று.

ஜப்பான் மட்டும் கொஞ்சம் வேறு வழியில் போயிருந்தது. மவுண்ட் கொக்ஸ் அவர்களுடைய தலைநகரத்தில் விழுந்ததால் பாடமும் அவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. 2017 ஏப்ரலில் இருந்து எக்ஸ்சேஞ்ச்கள் அரசிடம் பதிவுசெய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவும் போதவில்லை: 2018 ஜனவரியில் கொயின்செக் என்ற எக்ஸ்சேஞ்ச், 500 மில்லியன் டொலருக்கு மேல் பெறுமதியான நெம் நாணயங்களை இணையத்தோடு இணைந்த வொலட்டில் வைத்திருந்து பறிகொடுத்தது. 2020 மே மாதம் சட்டம் இறுக்கப்பட்டது. வாடிக்கையாளர் நாணயத்தில் 95 வீதமாவது குளிர் வொலட்டில். மிச்சத்துக்குச் சமமான சொந்த நாணயம் தனியாக. வாடிக்கையாளர் காசு கம்பனிக் காசோடு கலக்கக்கூடாது. வெளிக் கணக்காய்வு கட்டாயம். எஃப்.டி.எக்ஸ் விழுந்தபோது அதன் ஜப்பான் கிளையின் வாடிக்கையாளர்கள் 2023 பெப்ரவரியில், வேறு எந்த நாட்டுக்காரருக்கும் முதல், தங்கள் காசை எடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் இப்பவும் களவு நடக்கிறது. 2024 மேயில் டி.எம்.எம். பிட்கொயின் என்ற தளத்தில் இருந்து 4,502 பிட்கொயின் போனது. இழப்பை அதன் தாய்க் குழுமம் ஏற்றுக்கொண்டது.

இதை இலங்கையில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு அந்த 95 வீதமும் இல்லை, தனிக் கணக்கும் இல்லை. கிரிப்டோ நாணயக் கம்பனி எதற்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை வந்தது, காசு போனால் எங்கே போய்க் கேட்பது என்பதற்கு வழி வரவில்லை. 2022இல் ரூபாய் விழுந்த வேகத்தில், டொலராக எதையாவது வைத்திருக்கவேணும் என்று தவித்தவர்களைப் பார்த்துப் பேராசை பிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சட்டோஷியும் வங்கிகளை நம்ப முடியாமல் போன ஒரு காலத்தில்தானே எழுதத் தொடங்கினார். செயலியைக் காட்டுகிற நண்பரிடம் ஒரு சிறு தொகையை மீளப்பெற்றுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோபிக்கமாட்டார். அது வந்துவிட்டாலும், பெட்டியில் ஒரு சிறு தொகை இருந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

2011 மார்ச் 1ஆம் திகதி களவு போன அந்த முதல் 80,000, துல்லியமாக 79,956 பிட்கொயின், ஒரே முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றில் இருந்து ஒரு நாணயமும் அங்கிருந்து வெளியே போகவில்லை. அது தன்னுடையது என்று லண்டன் நீதிமன்றம் வரை போனவர்கூட உண்டு. இணையத்தில் தேடினால் நீங்களும் அந்த முகவரியைத் திறந்து பார்க்கலாம். பதிவேடு சுத்தமாக இருக்கிறது. எத்தனை நாணயம், எந்த நிமிடம் வந்தது, எல்லாம் இருக்கிறது. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.